நெய்வேலியில் ஒரு களிமண் புறா!

நெய்வேலியில் வளர்ந்த ஆசாமி யாரையாவது பிடித்து, "ஸார், உங்க சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு விநாடி முழிப்பார். பிறகு, "அப்பாவுக்குத் திருவாரூர் பக்கம்... அம்மாவுக்குத் திண்டிவனம்... நான் வளர்ந்ததெல்லாம் நெய்வேலி" என்று மூன்று ஊர் சொல்வார். அதே கேள்வியை இன்னொரு நெய்வேலிக்காரர் கேட்கவே மாட்டார். "எந்த வட்டம்?" என்பார். அவ்வளவுதான், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை!

வட்டம் என்றால் வட்டமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் சதுரம், செவ்வகம். நம்பர் போட்ட வட்டங்கள், நம்பர் போட்ட தெருக்கள், நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்த எங்கள் அப்பா, ஒருநாள் அடுத்த தெருவில் அதே நம்பர் வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மாமியும் கொடுத்திருக்கிறார். குடித்து முடித்த பிறகுதான், "காபி இன்னிக்கு நல்லாயிருக்கே" என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம்!

போன பங்குனி உத்திரத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பண்ருட்டி தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவு மரம். வீட்டுக்கு வீடு மா, பலா. யாரோ எப்போதோ நட்டது. பழம் சாப்பிடுகிறவர் வேறு யாரோ. ஏனென்றால் நட்டவர் ரிடையர் ஆகி வீட்டைக் காலி செய்து போயிருப்பார். நெய்வேலியில் குடியிருப்பது என்பது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருப்பது மாதிரி. வேலை இருக்கிறவரை உள்ளே. வயசு முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே!

என்னை அங்கே அழைத்ததும் ஒரு கிளப்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூடாத ஒரு கிளப்பின் பொதுக்குழுக் கூட்டம். நான்தான் செயலாளர்.

★

அதைச் சொல்வதற்கு முன் ஊரின் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி வந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ரஷ்ய உதவியில் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓட ஆரம்பித்தது. 2020-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்பாக்கள் மட்டுமல்ல, மின் நிலையங்களும் ரிடையர் ஆகிற ஊர் இது.

நிலக்கரி மேலாகக் கிடைப்பதில்லை. அதன்மேல் மலைமலையாக மண். ராட்சச சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டிய இயந்திரங்கள் அதைச் சுரண்டிச் சுரண்டிக் கொட்டும். அப்படி வருகிற மண்ணில் அருமையான வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஓர் ஆலையே ஒரு காலத்தில் இங்கே இருந்தது. ஆக, நெய்வேலிப் பையன்களுக்குக் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. ("தலைக்குள்ளயும் அதுதான்" என்பார் எங்கள் கணக்கு வாத்தியார்.)

எங்கள் வட்டத்தில் அந்தக் களிமண்ணுக்கு ஒரே உபயோகம்தான். உருட்டி, வெயிலில் காயவைத்து, உண்டிகோலில் வைத்து அடிப்பது. கொய்யா மரக் கவட்டை, சைக்கிள் ட்யூப், செருப்புத் தைக்கிறவரிடம் கெஞ்சி வாங்கிய தோல் துண்டு. இலக்கு? ஓணான், அணில், மைனா, சமயத்தில் எதிர்வீட்டு டியூப்லைட்.

1992 ஜூலை மாதம் ஒரு சாயங்காலம், எங்களில் ஒருவன் ஒரு மைனாவை அடித்துவிட்டான். அதுவரை எதுவும் குறி பார்த்தபடி விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிறகை அடித்துக்கொண்டு, பிறகு நின்றுபோனது. ஜெயித்த மாதிரி கத்தினோமே தவிர, யாருக்கும் அதைக் கையில் எடுக்கத் தைரியமில்லை. எடுத்தது அடித்தவனின் தங்கைதான். ஒன்பதாம் வகுப்புப் பெண். தோட்டத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம்.

நாலைந்து நாள் கழித்து அவள் ஓர் ஆங்கில தினசரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் சமயம். போட்டோவில் ஒரு சீனப் பெண்ணை இரண்டு ஆண்கள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று பேர் கழுத்திலும் மெடல்.

"இவங்க பறவையை சுடலைண்ணா. தட்டை சுடறாங்க. களிமண் புறாவாம். ரத்தமே வராது. நீங்களும் இதையே செய்யலாமில்ல?"

அப்படித்தான் எங்கள் சங்கம் பிறந்தது. பெயர் வைப்பதில் மட்டும் கடைசிவரை சமாதானம் ஏற்படவில்லை. ஆனால் பதவிகளை ஐந்தே நிமிஷத்தில் பிரித்துக்கொண்டோம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், மிச்சமிருந்த ஒருவன் உறுப்பினர். எல்லா வேலையும் செய்வது அந்த உறுப்பினர்தான். மைனாவை அடித்தவன் பொருளாளர். கையிருப்பு பதினொன்றரை ரூபாய். அவன் தங்கைக்குப் பதவி இல்லை. ஸ்கோர் எழுதுவாள், அவ்வளவுதான்.

ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் களிமண்ணை அமுக்கித் தட்டு செய்தோம். முதல் தட்டை வெயிலில் காயவைத்தோம். பறக்கும்போதே பொடியாகிவிட்டது. இரண்டாவது பாட்சை அடுப்பில் சுட்டோம். உண்டை பட்டால் 'ணங்' என்று கோயில் மணி மாதிரி சத்தம் வந்ததே தவிர, உடையவில்லை. கடைசியில் பொருளாளரின் தங்கைதான் சாம்பலைக் கலந்து பார்த்தாள். நெய்வேலியில் சாம்பலுக்கா பஞ்சம்? பட்டால் உடைந்தது, படாவிட்டால் பறந்தது. ஜோர்!

★

இதைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் உலகமும் இதே வழியில்தான் வந்திருக்கிறது, மைனா உட்பட!

அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்கு உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து திறந்துவிட்டுச் சுடுவது பொழுதுபோக்கு. 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். சுமார் 300 புறாக்கள் காலி. 21 புறாக்களைச் சுட்ட பெல்ஜியம்காரர் ஜெயித்தார். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. ஒலிம்பிக்ஸில் அதன்பிறகு உயிருள்ள பறவையைச் சுடவில்லை.

அதற்கு முன்பே வேறு வழி தேட ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடி உருண்டைகளைத் தூக்கிப் போட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். 1880-ல் அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டைக் கண்டுபிடித்தார். அவருக்கும் எங்கள் பிரச்னைதான். சுட்ட களிமண் லேசில் உடையவில்லை! இன்றைக்குப் பெயரில் மட்டும்தான் களிமண். தட்டு செய்வது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து. குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை 105 கிராம். கிட்டத்தட்ட ஒரு சின்ன சாஸர்.

இதில் இரண்டு முக்கிய ரகம். 'ட்ராப்' என்பதில் தட்டு எதிரிலுள்ள பள்ளத்திலிருந்து கிளம்பி, சுடுகிறவரை விட்டு விலகி ஓடும். 'ஸ்கீட்' என்பதில் இரண்டு பக்கமும் உள்ள இரண்டு கூண்டுகளிலிருந்து குறுக்கே பாயும். பார்சிலோனாவில் அந்தச் சீனப் பெண் ஜெயித்தது ஸ்கீட்டில். பெயர் ஜாங் ஷான். வயசு 24. அப்போது அந்தப் போட்டியில் ஆண், பெண் பேதம் கிடையாது. எல்லாரும் ஒரே வரிசை. தகுதிச் சுற்றில் 200-க்கு 200 அடித்தார். இறுதியில் 225-க்கு 223. தங்கம்! தோளில் தூக்கியவர்கள் வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய ஆண்கள்.

நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? நாலு வருஷம் கழித்து 1996-ல் அட்லான்டாவில் அந்த அம்மாள் வந்து தங்கத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். வரவில்லை. வர முடியவில்லை. ஸ்கீட்டை ஆண்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பெண்களுக்கென்று தனிப் போட்டியும் வைக்கவில்லை. 2000-ல் சிட்னியில்தான் அது வந்தது.

'அடப்பாவிகளா' என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அதே வருஷம், 1992 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்திரித் தோப்பு ஓரம். ஆளுக்குப் பத்துத் தட்டு. எங்கள் சங்கத்தின் சாதனை தலைவர் வைத்திருந்த பத்துக்கு நாலு. நான் இரண்டு. துணைத்தலைவர் ஒரு தடவை தட்டை விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிப் போட்ட உறுப்பினரை அடித்தார். அன்றைக்கு எல்லாரும் முடித்த பிறகு, பொருளாளரின் தங்கை நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒரு தடவை அடிச்சுப் பார்க்கட்டுமாண்ணா?" என்றாள்.

"அடி, அடி" என்றோம், பெரிய மனசோடு.

முதல் தட்டு பொடி. இரண்டாவது பொடி. மூன்றாவது தப்பியது. அப்புறம் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். ஏழு தட்டு சுத்தமாக உடைந்தது. இன்னொன்று ஓரம் மட்டும் பிய்ந்து தொப்பென்று விழுந்தது. அது கணக்கில் சேராது என்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆனாலும் ஏழு. தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். பொம்பளைப் பிள்ளை தோப்புப் பக்கம் வந்தால் வீட்டில் திட்டுவார்கள், ஊர் என்ன பேசும் என்றெல்லாம் காரணம் அடுக்கினோம். நிஜமான காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. விதி எண் 4: 'பெண்கள் உறுப்பினர் ஆக முடியாது.' ஐந்துக்கு ஐந்து கை தூக்கினோம். அவள் அண்ணனும் தூக்கினான். எழுதியது நான்.

அவள் சண்டை போடவில்லை. பேனாவை மூடி, நோட்டின்மேல் வைத்து, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டே மாசத்தில் சங்கம் படுத்துவிட்டது. ஸ்கோர் எழுத ஆளில்லை. அதைவிட முக்கியம், சாம்பல் எவ்வளவு கலக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது!

★

இப்போது நேராக இந்தக் காலத்துக்கு வாருங்கள். எங்கள் தலைவர் கான்ட்ராக்ட் தொழிலில் நாலு காசு பார்த்துவிட்டார். பழைய ஆசை விடவில்லை. நிஜத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி, நிஜமான கிளப் ஒன்றில் நிஜ உறுப்பினராகவும் ஆகிவிட்டார். பங்குனி உத்திரத்துக்கு முந்தின மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "டேய் செயலாளர், வந்து பாருடா" என்று என்னையும் கூட்டிப்போனார். கிளப்பின் பெயர் வேண்டாம். நான் அங்கே கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் மானம் போகக் கூடாது.

ஊருக்கு வெளியே பொட்டல் காடு. தரையெல்லாம் ஆரஞ்சுத் துணுக்கு, உடைந்த தட்டுகள். எதிரே ஒரு பள்ளம். அதற்குள்ளே தட்டு வீசும் 15 இயந்திரங்கள். பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால் வரிசையாக ஐந்து நிலைகள். ஆறு பேர் கொண்ட குழு. ஐந்து பேர் நிலையில் நிற்க, ஆறாமவர் காத்திருப்பார். ஒரு தட்டு சுட்டதும் ஒரு நிலை நகர வேண்டும், மியூசிக்கல் சேர் மாதிரி. தோளில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். எதிரே மைக் இருக்கிறது. குரல் பட்டதும் தட்டு கிளம்பிவிடும். எந்தப் பக்கம், எந்த உயரம் என்று முன்கூட்டித் தெரியாது. 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. 25 தட்டு ஒரு சுற்று.

குரல் கொடுப்பதில்தான் எத்தனை தினுசு! ஒரு டாக்டர் 'ஹப்' என்று விக்கினார். ரைஸ் மில் அதிபர் ஒருவர் வீட்டுக் கோபத்தையெல்லாம் சேர்த்து 'ஏய்' என்று கத்த, தட்டு பயந்து ஓடின மாதிரி இருந்தது. ரிடையர்டு அதிகாரி ஒருவர் தும்மியதும் ஒரு தட்டு கிளம்பியது. "இது கணக்கில்லை" என்றார் நடுவர். "அதைத்தான் கரெக்டா அடிச்சிருப்பேன்" என்றார் இவர்.

தப்பியதற்குக் காரணம் சொல்வதற்காகவே கிளப்புக்கு வருகிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. காற்று, வெயில், புதுத் தோட்டா, பழைய கண்ணாடி, காலையில் சாப்பிட்ட பொங்கல். "ட்ரிகரை இழுக்கும்போது ஒய்ஃப் ஞாபகம் வந்துடுச்சு" என்றார் ஒருவர். அதை மட்டும் எல்லாரும் அனுதாபத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

விஷயம் என்னவென்றால், தட்டு இருக்கிற இடத்தைக் குறி வைத்தால் குண்டு போய்ச் சேருவதற்குள் அது நகர்ந்திருக்கும். போகப்போகிற இடத்தைச் சுட வேண்டும். தோட்டாவில் உள்ளது ஒற்றைக் குண்டல்ல. 24 கிராம் எடையில் சுமார் 300 குட்டி ஈயக் குண்டுகள், கொத்தாகப் பறக்கும். "முந்நூறு குண்டு இருந்தும் படலையா?" என்று கேட்டேன். தலைவர் என்னை முறைத்தார்.

சிரிப்பெல்லாம் ஓய்வு நேரத்தில்தான். நிலையில் ஏறியதும் ஒரு வார்த்தை கிடையாது. நடக்கும்போது துப்பாக்கியை மடக்கி, உள்ளே காலி என்று தெரியும்படி வைத்திருக்க வேண்டும். நிலையில் நின்ற பிறகுதான் தோட்டா போட வேண்டும். எனக்குக் காதடைப்பான் கொடுத்து, கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தொட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "காபி வேணா எவ்வளவு வேணும்னாலும் குடிங்க" என்றார்கள். ஆயுதச் சட்டம் 1959-க்கு நட்பு, சிநேகமெல்லாம் தெரியாது. அது சரிதான். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம், பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நேரத்தில் பறந்து வந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் பையன் போய்விட்டான். அது ரைஃபிள் குண்டு. கிலோமீட்டர் கணக்கில் போகும். இந்தத் தட்டுத் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் இங்கே எல்லாரும் அந்தப் பையனை மறக்காத மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள்.

காசு? அதைக் கேட்காதீர்கள். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, அதிகபட்சம் 50 தோட்டா. 'டப் டப்' என்று கேட்பது தோட்டா அல்ல, ரூபாய் நோட்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்ஸில் சுட்டார் என்றால் ஆச்சரியமில்லை. பிற்பாடு ராணுவத்திலிருந்து வந்த ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004-ல் ஏதென்ஸில் இரட்டை ட்ராப்பில் வெள்ளி வாங்கினார். நம்ம ஊர் ஆளும் உண்டு. புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர் குடும்பத்து ப்ரித்விராஜ் தொண்டைமான். ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் 2023-ல் ட்ராப் குழுவில் தங்கம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போனார். 125 தட்டில் 118 உடைத்தார். ஏழே ஏழுதான் தப்பியது. கிடைத்த இடம் 21! நம் ஆபீஸில் 125 பைலில் 118 முடித்தால் பிரமோஷனே கொடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு அந்தக் குழுவில் ஒரு கல்லூரிப் பெண்ணும் இருந்தாள். 25-க்கு 21. டாக்டரும் மில் அதிபரும் கை தட்டினார்கள். யாரும் அவசரக் கூட்டம் போடவில்லை. அவள் சுட்ட ஒரு தட்டு உடையவே இல்லை. ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். நடுவர் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"அது எப்படி ஸார் செல்லும்?" என்றேன் நான், பழைய செயலாளர் என்ற ஹோதாவில்.

"கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு துண்டு பிரிஞ்சா போதும் ஸார். அதுதான் ரூல். உலகம் பூரா அதுதான்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காரில் திரும்பும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. திண்டிவனம் கிட்டே வந்தபோது, "பங்குனி உத்திரத்துக்குப் பொதுக்குழுவைக் கூட்டுடா" என்றார்.

★

நெய்வேலியில் பங்குனி உத்திரம் என்றால் வில்லுடையான்பட்டு முருகன் கோயில். ஊர் பூரா காவடியும் பால்குடமுமாக அங்கேதான் நிற்கும். இந்த முருகன் கையில் வேலுக்குப் பதில் வில். வில்லும் அம்புமாக வேட்டைக்காரக் கோலம். சின்ன வயசில் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டதைவிட, குறி தப்பக் கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொண்டதுதான் அதிகம்.

ஐந்து பேரும் வந்திருந்தோம். நாலு பேருக்குத் தொப்பை, இரண்டு பேருக்கு வழுக்கை. இன்னும் நெய்வேலியிலேயே இருப்பது உறுப்பினர் மட்டும்தான். சுரங்கத்தில் வேலை. சாமி கும்பிட்டுவிட்டு அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். வாசலில் பலா காய்த்திருந்தது. "பழுக்கறதுக்குள்ள ரிடையர் ஆயிடுவேன் போலிருக்குடா" என்றான் சிரித்துக்கொண்டே. அவனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். அப்புறம் அவனும் சாவியைக் கொடுக்க வேண்டியவன்.

பொருளாளர் தன் தங்கையையும் அழைத்து வந்திருந்தான். 1996-ல் அவர்கள் அப்பா ரிடையர் ஆகி வீட்டைக் காலி செய்தபோது பார்த்தது. இப்போது திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள்.

வடலூரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்த சங்கத்து நோட்டை நான் கொண்டு போயிருந்தேன். மேலே ஒரு கறுப்புத் தூசிப் படலம்கூட அப்படியே. எல்லாரும் புரட்டிச் சிரித்தோம். பதினொன்றரை ரூபாய்க் கணக்கு, துணைத்தலைவர் உறுப்பினரை அடித்ததற்கு மன்னிப்புத் தீர்மானம், எல்லாம் அதில் இருந்தது. பிறகு அந்தப் பெண் குழந்தை நோட்டை வாங்கி உரக்கப் படிக்க ஆரம்பித்தது.

"விதி எண் 4: பெண்கள் உறுப்பினர் ஆக..."

நிறுத்திவிட்டாள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, இது யாரு எழுத்து?"

"செயலாளர் எழுத்து" என்றாள் அம்மாக்காரி. காபி டம்ளரைக் கீழே வைக்காமல்.

"நீ இவங்களோட சுட்டிருக்கியா? எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒரே ஒரு நாள்."

பஸ்ஸில் வரும்போது பெரிய பேச்சாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பார்சிலோனா, அட்லான்டா, ஜாங் ஷான் என்று. ஒன்றும் வாயில் வரவில்லை. "அது... அப்ப சின்னப் பசங்கம்மா... தப்புதான்" என்று தடுமாறினேன். தலைவர் கூரையைப் பார்த்தார். அவள் அண்ணன் தரையைப் பார்த்தான்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணா" என்றாள். "அன்னிக்கு என் ஸ்கோரை எழுதினீங்களா, இல்லையா? நோட்டு உங்க கையிலதானே இருந்தது?"

புரட்டிப் பார்த்தேன். 1992 நவம்பர். ஐந்து பேர் பெயரும் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில். எதிரே எங்கள் நாலும் மூன்றும் இரண்டும். அவ்வளவுதான். அவள் பெயர் அதில் இல்லை. அவள் எழுதியிருக்க முடியாது, சுட்டுக்கொண்டிருந்தாள். எழுதியிருக்க வேண்டியவன் நான்.

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன். முதலில் விதி நாலின்மேல் ஒரு கோடு போட்டேன். பிறகு அந்த நவம்பர்ப் பக்கத்தில் ஆறாவது வரியாக அவள் பெயரை எழுதி, எதிரே 'பத்துக்கு ஏழு' என்று எழுதப் போனேன்.

"ஏழு இல்லண்ணா" என்றாள். "எட்டு."

"ஏழுதான்டி. ஒண்ணு ஓரம்தானே பிய்ஞ்சுது" என்றான் அண்ணன்காரன், முப்பது வருஷத்துக்குப் பிறகும் விடாமல்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "துண்டு பிரிஞ்சா போதும்டா. அதுதான் ரூல்."

எட்டு என்றே எழுதினேன். சங்கத்தின் சாதனை இன்றுவரை அதுதான்.